எந்தச் சரி

ஜூன் 4

பொடிசுக்கு,

பன்னிரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாய். எடுக்கவில்லை. எடுத்தால் கத்துவேன், கத்தினால் அப்பாவுக்குக் கேட்கும். நம் வீடு ஒரே அறைதான் என்பது உனக்கு மறந்துபோயிருக்கலாம். அதனால் எழுதுகிறேன். நீயும் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் எழுது.

சலவைக்கூடத்தில் டீ நேரம். ஆஸ்பத்திரி விரிப்பு மூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்திருக்கிறேன். காகிதத்தில் ஈரம் பட்டு மை கலைந்திருந்தால் நான் அழுததாக நினைத்துக்கொள்ளாதே. உன் கதையில் வரும் அக்காக்கள்தான் அப்படி அழுவார்கள்.

கதை வந்த பத்திரிகையை அத்தை கொண்டுவந்தார். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருக்கிறார், கையில் அதை மட்டும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. "இளம் எழுத்தாளர் போட்டியில மொதல் பரிசாம். உன் தங்கச்சி பேரு போட்டிருக்கு. நான் படிக்கிறேன், நீ கேளு" என்று ஆரம்பித்தார். அப்பா கட்டிலில் இருந்தார். அவருக்கு எதிரிலேயே முழுவதையும் படித்தார். பக்கவாதம் வந்த இந்த இரண்டு வருஷத்தில் அவருக்குப் போனது வலது கையும் காலும் பேச்சும்தான். காது போகவில்லை.

பெரிய மகள் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் என்ற இடம் வந்ததும் அத்தை நிறுத்தினார். "என் தம்பியை உள்ள வச்சுப் பூட்டிட்டு நீ பஸ்ல ஊர் சுத்தினியா? நெஜமாவா?"

நிஜம்தான். மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு லீவு, அதனால் வேலை நேரத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டம்மா அன்று வரவில்லை. அவருக்குச் சாப்பாடு கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு மருந்து வாங்கப் போனவள் பஸ் ஏறிவிட்டேன். நாலு மணி நேரம். அதை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன், போனில், ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று, குரலைத் தாழ்த்தி. யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும் போல இருந்தது. நீ ஊருக்கே சொல்லிவிட்டாய்.

இன்னொன்று. அப்பாவுக்கு மிச்சம் இருப்பது 'சரி' என்ற ஒரு வார்த்தைதான். பசிக்கிறதா, சரி. வலிக்கிறதா, சரி. ஆத்திரம் வந்தால் டம்ளரை வீசிக்கொண்டு சரி, சரி, சரி. உன் கதையில் அது 'மழை' ஆகியிருக்கிறது. ஜன்னலைப் பார்த்து 'மழை' என்கிறார், மகளை மன்னித்துக் கண்ணீர் விடுகிறார். அழகுக்காக மாற்றினாயா? அவர் கேட்டுக்கொண்டிருந்தார். தன்னிடம் இருக்கிற ஒரே வார்த்தையும் மகளுக்குப் போதவில்லை என்று நினைத்திருப்பார்.

மணி அடித்துவிட்டார்கள். இஸ்திரி உருளை சூடேறிக் காத்திருக்கிறது.

அக்கா


ஜூன் 9

அக்கா,

மன்னிப்பு என்று எழுதி எழுதி நாலு தாள் கிழித்தேன். அந்தச் சொல்லை நான் எழுதினாலே மேடை வசனம் மாதிரி வருகிறது. அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன், நீ திட்டிக்கொண்டே படி.

இந்த எழுத்துப் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து கதைக்கரு தேடி நாய் மாதிரி அலைந்தேன். காதைத் திறந்து வை, தினமும் இருபது வரி குறித்து வை என்கிறார்கள். கூடப் படிக்கிறவர்களுக்கெல்லாம் ஏதாவது நடந்திருக்கிறது. ஒருத்தி கவிழ்ந்த படகிலிருந்து பிழைத்தவள். ஒருவனுக்கு இரண்டு அம்மாக்கள், இருவரும் இவனைப் பார்த்தாலே கதவைச் சாத்துவார்களாம். எனக்கு என்ன நடந்தது? நீ சமைத்தாய், நான் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு அகராதியைத் திறந்து விரல் வைத்தேன், 'வாளி' வந்தது. ஒரு வாரம் வாளியைப் பற்றி யோசித்தேன். கடைத்தெருவில் சண்டை போட்டுக்கொண்டே நடந்த புருஷன் பெண்டாட்டி பின்னாலேயே போனேன். அந்த அம்மாள் சட்டென்று திரும்பி, "என்னம்மா வேணும்? எங்களுக்குப் பொண்ணு கிடையாதே" என்றார். ஓடி வந்துவிட்டேன். போட்டிக்குக் கடைசித் தேதி நெருங்க நெருங்க, மற்றவர்கள் சாப்பிடும்போது, குளிக்கும்போதுகூட அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். களைத்துவிட்டேன் அக்கா. உன் களைப்புக்கு முன்னால் அந்தச் சொல்லை நான் சொல்லக்கூடாதுதான்.

அப்போதுதான் நீ கூப்பிட்டாய்.

இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. நீ பேசப் பேசவே நான் எழுதிக்கொண்டிருந்தேன். 'ம்' போட்டது வாய், எழுதியது கை. நடுவில் "ஒரு நிமிஷம் இரு, அக்கா" என்றேனே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் குடிக்கப் போனதாகச் சொன்னேன். பேனாவில் மை தீர்ந்துவிட்டது. வேறு பேனா தேடப் போனேன்.

'சரி' என்று எழுதினால் படிக்கிறவர்கள் மனதில் ஒன்றும் நிற்காது என்று தோன்றியது. அதனால்தான் மழை.

பரிசு வாங்கியவர்கள் பன்னிரண்டு பேரை வைத்து ஒரு புத்தகம் போடுகிறார்கள். ஆளுக்கு இரண்டு கதை. ஆகஸ்டு முடிவதற்குள் இன்னொன்று கேட்கிறார்கள். எழுத மாட்டேன் என்று சொல்லிவிடட்டுமா? நீ சொன்னால் சொல்லிவிடுகிறேன்.

அப்பா எப்படி இருக்கிறார்? அத்தை படித்தபோது என்ன செய்தார்?

உன் தங்கை


ஜூன் 15

பொடிசு,

அப்பா இங்கே இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமை அத்தை மாமாவோடு காரில் வந்தார். மாமா வாசலிலேயே நின்றுகொண்டார். அவருக்கு எப்போதும் வாசல்தான். அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். "டேய் மொட்டை, எங்கூட வந்துடறியாடா?"

"சரி" என்றார் அப்பா.

"கேட்டியா?" என்று என்னைப் பார்த்தார் அத்தை.

எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆத்திரம். அவர் பக்கத்தில் குனிந்து, "அப்பா, என்கூடவே இருந்துடறீங்களா?" என்று கேட்டேன்.

"சரி."

வாசலில் மாமா, "இது ஆவுற கதையில்ல, கார் வெயில்ல நிக்குது" என்றார். சட்டை நாலு, போர்வை, மாத்திரை டப்பா, சிறுநீர்க் குடுவை எல்லாவற்றையும் நானே எடுத்துக் கொடுத்தேன். நான் தடுக்கவில்லை. இதை உன் நோட்டில் எழுதிக்கொள், எனக்குக் கவலை இல்லை: நான் தடுக்கவில்லை. கார் திருப்பத்தில் மறைந்ததும் உள்ளே வந்து அவர் கட்டிலிலேயே படுத்து, மறுநாள் வேலைக்குக் கிளம்பும்வரை தூங்கினேன்.

கதையில் இன்னொரு தப்பும் இருக்கிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். தூங்கினேன், வாய் பிளந்து. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். அங்கிருந்து அடுத்த ஊருக்கு ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. அதில் ஏறுவதாக இருந்தேன். உன்னிடம்கூட இதைச் சொல்லவில்லை. திரும்பி வரக்கூடாது என்றுதான் இருந்தேன். பாசம் இழுத்தது, அப்பா முகம் கண்ணில் வந்தது என்று உன் கதையில் இருக்கிறது. ஒரு முகமும் வரவில்லை. எனக்கு மூத்திரம் முட்டியது. நிலையத்துக் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. கடைக்காரரிடம் கேட்டேன், "சாவி வச்சிருக்கிறவரு வரலம்மா" என்றார். வேறு வழி தெரியவில்லை. வந்த பஸ்ஸிலேயே ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அவ்வளவுதான் நான் திரும்பியதன் ரகசியம்.

வீட்டில் அப்பா நனைந்து கிடந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரை எறிந்தார். நெற்றியில் பட்டது. மன்னிக்கவெல்லாம் இல்லை.

அத்தை வீடு உன் ஹாஸ்டலிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். போய்ப் பார். கதைக்காகப் போகாதே, சும்மா போ. கதை எழுது, எழுதாதே என்று சொல்ல நான் யார்? என்னைக் கேட்டா முதல் கதையை எழுதினாய்?

அக்கா


ஜூன் 24

அக்கா,

தினமும் போகிறேன். வகுப்பு முடிந்து நாலரைக்குப் போய் ஏழு மணிக்குத் திரும்பிவிடுகிறேன்.

முதல் நாள் அத்தை என்னைத் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். தெருவில் வழிநெடுக என்னைக் காட்டி, "எங்க தம்பி பொண்ணு, பத்திரிகையில எழுதுறா" என்று சொல்லிக்கொண்டே கூட்டிப்போனார். திட்டு உனக்கு, பெருமை எனக்கு. நெருப்பின்மேல் நடப்பது போல இருந்தது.

அப்பாவை முன்னறையில் வைத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியைக் கம்பி ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். எதிரே லாரி எடைமேடை. நாள் முழுக்க லாரிகள் வரிசையில் நிற்கின்றன, புழுதி உள்ளே வருகிறது. அத்தை நாளுக்கு ஐந்து முறை துடைக்கிறார், ஐந்து முறையும் சத்தம் போட்டுக்கொண்டே துடைக்கிறார். அப்பாவிடம் பேசிக்கொண்டே இருக்கிறார். அறுபத்தைந்து வருஷத்துச் சண்டையெல்லாம் வருகிறது, யார் யாருடைய பம்பரத்தை உடைத்தார்கள் என்பது உட்பட.

நான் ஒரு தப்பு செய்தேன், சொல்லிவிடுகிறேன். இரண்டாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு போனேன். பழக்கம். இருபது வரி எழுதவேண்டுமே. எழுத என்ன இருக்கிறது? அப்பா 'சரி' என்றார், 'சரி' என்றார், மறுபடி 'சரி' என்றார். கடுப்பில், எந்தச் சரிக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று எழுத ஆரம்பித்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் ஒன்று மாதிரி ஒன்று இல்லை.

நீட்டி இறங்கும் 'சரீ' டீ ஆறிப்போனதற்கு. மூக்கால் வருவது 'வேண்டாம்'. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால் அத்தை பேச்சை நிறுத்தவேண்டும் என்று அர்த்தம், நிறுத்துவதில்லை. மூச்சே இல்லாமல் உதட்டால் மட்டும் ஒரு 'சரி' இருக்கிறது. அது எதற்கு என்று தெரியவில்லை. நீ கூட இருந்தவள். உனக்குத் தெரிந்திருக்கும். பட்டியலை எழுதி வைத்திருக்கிறேன், தப்பிருந்தால் திருத்தி அனுப்புவாயா?

உன் தங்கை


ஜூலை 2

பொடிசு,

மூக்கால் வருவது 'வேண்டாம்' இல்லை, 'இப்போது வேண்டாம்'. கால் மணி கழித்துக் கேள், வாங்கிக்கொள்வார். நடுவில் இருமல் வரும் சரியை உன் பட்டியலில் காணோம். அது வந்தால் யோசிக்காதே, குடுவையை எடுத்துக்கொண்டு ஓடு. உதட்டால் சொல்வது வலிக்கு. இடுப்பின் வலது பக்கம் ஒரு தலையணையை மடித்து வை. அத்தைக்கும் சொல். சத்தமாகச் சரி சரி என்பவர் வலியை மட்டும் மெதுவாகச் சொல்வார், லாரி ஓட்டிய காலத்திலும் அப்படித்தான்.

இதையெல்லாம் எழுதியபிறகுதான் எனக்கே தெரிகிறது, எனக்கு இவ்வளவு தெரியும் என்று. யாரும் கேட்டதில்லை.

வீடு அமைதியாக இருக்கிறது. முதல் வாரம் வேலை முடிந்து வந்து தூங்கினேன், எழுந்தேன், தூங்கினேன். இரண்டாம் வாரம் தூக்கம் வரவில்லை. கூட வேலை செய்கிறவள், விரிப்பின் அந்த முனையைப் பிடிக்கிறவள், "இப்பதான் விட்டு விடுதலையாயிட்டியே, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்கிறாள். இரண்டு பேர் பிடிக்கிற துணியை ஒருத்தர் விட்டுவிட்டால் மற்றவர் பின்னால் சாய்வார் இல்லையா, அப்படி இருக்கிறேன் என்றேன். "நீயும் உன் தங்கச்சி மாதிரி பேச ஆரம்பிச்சிட்ட" என்று சிரித்தாள்.

உருளையில் வலது கை விரல் சுட்டுவிட்டது. அதனால்தான் எழுத்து கோணல்.

ஒரு காரியம் செய். அன்று நாங்கள் கேட்டது கேள்வியே இல்லை. ஆளுக்கு ஒரு கையைப் பிடித்து இழுத்தோம். அவரும் இரண்டு பேருக்கும் சரி என்றார். நீ சரியாகக் கேள். அத்தை பக்கத்தில் இல்லாதபோது கேள். வீட்டுக்கு வர நினைக்கிறாரா என்று கேள். வருவதாக இருந்தால் நான் வந்து கூட்டிக்கொள்கிறேன். முதுகு தாங்கும்.

எந்தச் சரி என்று மட்டும் எழுது. சமாதானத்துக்காக மாற்றி எழுதாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அக்கா


ஜூலை 13

அக்கா,

ஒரே நாளில் கேட்கவில்லை. நாலு நாள், நாலு விதமாகக் கேட்டேன்.

முதல் நாள், "வீட்டுக்குப் போலாமாப்பா?" என்றேன். மூக்கால் வந்தது. இப்போது வேண்டாம். நீ சொன்னபடி கால் மணி கழித்துக் கேட்டேன், மறுபடி மூக்கால். இரண்டாம் நாள் திருப்பிப் போட்டு, "அத்தை வீட்ல இருக்கறது கஷ்டமா இருக்கா?" பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சரி, சமையலறைப் பக்கம் பார்த்தபடி. அது அத்தையின் பேச்சுக்கு. பிறகு சிரித்தார். அந்தக் கோணல் சிரிப்பை எவ்வளவு நாள் கழித்துப் பார்க்கிறேன்! மூன்றாம் நாள், "அக்கா வந்து உங்களைக் கூட்டிட்டுப் போவாளாம், முதுகு தாங்குமாம்" என்றேன். உதட்டால் சொன்னார், அக்கா. வலிக்குச் சொல்வது. தலையணையை எடுத்தேன். நல்ல கையால் தள்ளிவிட்டார். அது வேறு வலி.

நாலாம் நாள் நான் கேட்கவேண்டியே இருக்கவில்லை.

அன்று வகுப்பு இல்லை, காலையிலேயே போனேன். எடைமேடையில் ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. குறுகலான இடம். கிளீனர் எங்கேயோ போயிருந்தான் போல. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவே கேட்க, "சரி... சரி... சரி... சரி..." என்கிறார். லாரி அந்தக் குரலுக்கு வருகிறது. சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது ஒரு அழுத்து அழுத்தினார்: "சரி!" லாரி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "தேங்க்ஸ் பெரியவரே" என்றான். அத்தை சொல்கிறார், பத்து நாளாகக் காலை வேளையில் இதுதானாம். டிரைவர்கள் பழகிவிட்டார்களாம். ஒருவன் இவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ரிவர்ஸ் எடுக்காமல் நின்றானாம்.

"இங்கயே இருக்கீங்களாப்பா?" என்றேன். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த லாரி வந்துகொண்டிருந்தது. "சரி" என்றார். நீட்டல் இல்லை, மூக்கு இல்லை, பல் இல்லை. நாம் எல்லோரும் சொல்வோமே, அந்தச் சாதாரணச் சரி. மாற்றி எழுதவில்லை, அக்கா. மாற்றி எழுதலாமா என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். உண்மை.

இன்னொன்றும் நடந்தது. கிளம்பும்போது அவர் முன்னால் குனிந்து, "அந்தக் கதை நான் எழுதினதுதான்பா. அக்கா சொன்னதைத் திருடி எழுதினேன். உங்க வார்த்தையையும் மாத்திட்டேன்" என்றேன். ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். பிறகு ஒரு சரி சொன்னார். அது எந்தச் சரி என்று எனக்குத் தெரியவில்லை. நம் பட்டியலில் இல்லை. உனக்குத் தெரியுமா?

நோட்டில் முப்பது பக்கம் ஆகிவிட்டது. கதை ஒன்றும் இல்லை. புத்தகத்துக்கு எழுதவில்லை என்று நாளை சொல்லிவிடப் போகிறேன். கரு கிடைக்காமல் இல்லை. இது என்னுடையது இல்லை, அதனால்.

உன் தங்கை


ஜூலை 20

பொடிசு,

கடிதம் வியாழக்கிழமை வந்தது. படித்துவிட்டு மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை. இரண்டு விரிப்பை உருளையில் கோணலாக விட்டு மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சந்தோஷமா, வருத்தமா என்று கேட்காதே. இரண்டு வருஷம் ஒரு ஆளைத் தூக்கி உட்காரவைத்த முதுகு இது. இறக்கிவைத்தாயிற்று என்று மட்டும் அதற்குத் தெரிகிறது. வயிற்றெரிச்சலும் இருக்கிறது, மறைப்பானேன்? துடைத்தது நான், குளிப்பாட்டியது நான். கடைசியில் ஒரு எடைமேடை ஜெயித்துவிட்டது. ஆனால் நான் அவர் வாயில் வந்த ஒவ்வொரு சரிக்கும் ஓடினேன். அந்தச் சரி கேட்டு வேறு யாராவது ஓடவோ நிற்கவோ வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருந்தேன், புழுதி வருகிறது என்று.

அவர் உன்னிடம் சொன்ன சரி எனக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். உன்னிடம் சொன்னது அது.

புத்தகத்துக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டாயா? சொல்லாவிட்டால் சொல்லாதே. என்னுடையது இல்லை என்கிறாயே, முப்பது பக்கம் யாருடையது? தினமும் அரை மணி நேரம் பஸ்ஸில் போனது நீ. அதை எழுது. அனுப்பும் முன்னால் எனக்கு அனுப்பு, இரண்டு நாளில் படித்துத் தருகிறேன். என்னைப் பற்றி வரும் இடத்தில் நான் நல்லவளாக இருக்கவேண்டிய அவசியம் இல்லை. கழிப்பறை பூட்டியிருந்ததை மட்டும் எடுத்துவிடாதே. அது இல்லாவிட்டால் நான் பாசத்தால் திரும்பியவள் ஆகிவிடுவேன், பிறகு ஒவ்வொரு நாளும் அப்படி இருக்கவேண்டி வரும். என்னால் முடியாது.

முதல் கதைக்கு உன்னை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. நல்லது. இன்னும் இல்லை. மை தீர்ந்தது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் நிற்கிறது. நிற்கட்டும், எங்கேயும் போகாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இரண்டு நாள் லீவு கேட்டேன், முகத்தைப் பார்த்துவிட்டு மூன்று நாள் கொடுத்தார்கள். அத்தையிடம் இப்போதே சொல்லாதே, வீட்டையே கழுவிவிடுவார்.

நேற்று வேலை முடிந்து கடைத்தெருவுக்குப் போனேன். முக்கால் மணி நேரம் நின்றேன். அப்பாவுக்கு என்று நான் இந்த இரண்டு வருஷத்தில் வாங்கியதெல்லாம் மாத்திரை, மெத்தைக்கு ரப்பர் விரிப்பு, தைலம். அதெல்லாம் அங்கே இருக்கும். பார்க்கப் போகிறவர்கள் என்ன வாங்கிக்கொண்டு போவார்கள்? கடைக்காரர், "யாருக்கும்மா?" என்று கேட்டார். "எங்க அப்பாவுக்கு" என்றேன். "என்ன புடிக்கும் அவருக்கு?" என்றார். அவருக்கு எங்கே வலிக்கும் என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை. ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

கேட்டு எழுது.

அக்கா